மதியம் ஒன்று முதல் இரண்டு வரை போர் கிடையாது

எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கும் போர் மதியம் ஒரு மணிக்கு நிற்கும். இரண்டு மணிக்கு மறுபடி தொடங்கும். இடைப்பட்ட நேரத்தில் அதிலிருந்து ஒன்பது பேர் இறங்கி வந்து சாப்பிடுகிறார்கள். அதற்காகத் தினமும் ஒரு படி அரிசி கூடுதலாக வடிக்கிறேன். குழம்பு கொஞ்சம் நீர்த்திருந்தாலும் அவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள். இந்த வீட்டில் முகம் சுளிக்க ஏற்கெனவே ஆள் இருப்பதால் அது எனக்கு வசதி.

படம் நான் படித்த கான்வென்ட்டிலிருந்து வந்தது. பழைய பார்வையாளர் அறையை இடித்தபோது, சுவரில் இருந்த படங்களை முன்னாள் மாணவிகளுக்குக் கொடுத்தார்கள். என்னோடு படித்தவர்களுக்குத் திருஇருதயம், குழந்தை இயேசு, சிறுமலர் தெரசம்மாள் என்று கிடைத்தது. எனக்குப் போர் வந்தது. எடுத்துக் கொடுத்த சிஸ்டர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், "பிரகாசி, இது உனக்கு" என்றார். என் வாயை அவர் மறக்கவில்லை.

செம்புத் தகட்டில் கூர் உளியால் கோடு கோடாகச் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுத்த படம் அது. இரண்டடி அகலம். ஒரு மரக்கோட்டை, அதைச் சுற்றிக் கூர்மையான கட்டைகளால் வேலி, பின்னால் ஒரு ஆறு, பைன் மரங்கள், நிறையப் புகை. கீழே ஆங்கிலத்தில் 'புரட்சிப் போரின்போது எல்லைப்புறத்தில் ஒரு சண்டை' என்று போட்டிருக்கும். அமெரிக்காவில் குடியேறியவர்கள் இங்கிலாந்து ராஜா வேண்டாம் என்று சண்டை போட்ட காலம். வருடம் மறந்துவிட்டது. பரீட்சையிலேயே மறந்திருந்தேன்.

நான்கு வருடம் அது கண்ணாடிக்குப் பின்னால் அசையாமல் இருந்தது. போன டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு ஒட்டடை அடிக்கும்போது கம்பின் நுனி பட்டுக் கண்ணாடி உடைந்தது. உடைத்தது நான்தான். யார் மேலாவது பழி போடலாம் என்றால் வீட்டில் அப்போது வேறு யாரும் இல்லை. சில்லுகளைப் பொறுக்கினேன், புதுக் கண்ணாடியைப் பொங்கலுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். மறுநாள் மதியம் ஒரு மணிக்கு, துப்பாக்கியைக் காலண்டர் ஆணியில் மாட்டிவிட்டு முதல் ஆள் இறங்கினார். என் கணவர் ஞானதிரவியம் அப்போதுதான் சாப்பாட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் நில அளவைத் துறையில் இருக்கிறார். அவருக்கும் சாப்பாட்டு நேரம் ஒன்றிலிருந்து இரண்டுதான்.

"கைகழுவ அந்தப் பக்கம்" என்றார் வந்தவரிடம். நான் உலையில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன்.

முதல் வாரம் பத்துப் பேர் வந்தார்கள். படைக்கு முரசு அடிக்கிறவர் ஒருவர் சாப்பிட்ட களைப்பில் சோபாவில் கண்ணயர்ந்து, இரண்டு மணி தாண்டிவிட்டார். நான் சமையல்கட்டில் பாத்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை. வந்து பார்க்கும்போது சோபா உறையில் ஆள் அகலத்துக்கு மைக்கறையாக இருந்தார். அந்த உறையை நான் துவைப்பதில்லை. அதன் மேல் யாரையும் உட்கார விடுவதும் இல்லை. அன்றிலிருந்து இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே தட்டைத் தட்டி எல்லாரையும் எழுப்பிவிடுவேன். அவரவருக்குத் தாளில் அவரவர் இடம்தான். ஆள் இறங்கியதும் அங்கே விழும் வெள்ளை இடைவெளி அந்த ஆளின் அளவுக்குத்தான் இருக்கும். வேறு எங்கும் நிற்க முடியாது.

ஒன்பது பேரில் ஐந்து பேர் ராஜா கட்சி, மூன்று பேர் புரட்சிக் கட்சி. செதுக்கியவரிடம் வண்ணம் கிடையாது என்பதால் ராஜா கட்சியின் சிவப்புச் சட்டைக்கு நெட்டுக்கோடு, புரட்சிக் கட்சியின் நீலச் சட்டைக்குக் கிடைக்கோடு போட்டிருந்தார். பந்தியில் கலந்துதான் உட்காருவார்கள். தூரத்தில் சண்டை போடுகிறவர்கள் வெறும் புள்ளிகள், அவர்களுக்குப் பசிக்காது. வந்த புதிதில் இவர்கள் பேசிய ஆங்கிலம் எங்கள் சிஸ்டர்கள் பேசியதைவிடப் பழசு. நான்தான் மொழிபெயர்த்தேன். எனக்கு அதற்கெல்லாம் பொறுமை ஏது? பொங்கலுக்குள் எல்லாரும் பாளையங்கோட்டைப் பேச்சுக்கு வந்துவிட்டார்கள்.

ஒன்பதாவது ஆள் எந்தக் கோட்டிலும் சேராதவர். சண்டை நடக்கும் நிலம் அவருடைய ஆட்களுடையது. செதுக்கியவர் அவர்களை ஒரு நாளும் கண்டதில்லை போலிருக்கிறது. கிரேக்கச் சிலையின் முகம் ஒன்றை வைத்துத் தலையில் இறகைச் செருகி முடித்துவிட்டார். பெயர் கேட்டேன். "இந்த மூஞ்சிக்கு எம்பேரைச் சொல்ல மாட்டேன்க்கா" என்றார். நியாயம்தானே. நிலத்துக்காரர் என்று கூப்பிடுகிறோம். என் கணவருக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

"பட்டா யார் பேர்ல வே இருக்கு?"

"எங்க பேர்லதான் அண்ணாச்சி. எழுதல."

"எழுதலைன்னா எப்படி?"

"எழுதுதவங்க வந்த பொறவுதான சண்டையே வந்துச்சு."

இவர் ரசத்தைக் கலக்கிக்கொண்டே தலையாட்டினார். அவருடைய அலுவலகத்திலும் அப்படித்தானாம்.

ஒன்பது பேரும் இடது கைக்காரர்கள். இதில் அவர்கள் தவறு எதுவும் இல்லை. தகட்டில் செதுக்குவது தாளில் இடம் வலம் மாறி விழும். அதனால் செதுக்குகிறவர் முதலிலேயே மாற்றிச் செதுக்க வேண்டும். இந்த ஆள் மறந்துவிட்டார். எல்லாருடைய வாளும் வலது இடுப்பில், பொத்தான் எல்லாம் மறுபக்கம், ஆறுகூட எதிர்ப்பக்கம் ஓடுகிறது என்று இவர் சொன்னார். அடியில் இருக்கும் எழுத்தை வேறு யாரோ வெட்டியிருக்க வேண்டும். அது மட்டும் நேராக இருக்கிறது.

இதைப் பொறுக்க முடியாதவர் எங்கள் மதினி ஒருவர்தான். மரியபுஷ்பம், இவருடைய அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடு இருக்கிறார்.

"ஏட்டி பிரகாசி, பீச்சாங்கையால சோத்தை அள்ளுதான். நீயும் ஊத்துதே."

"போர் வீரங்க மதினி. கையைக் கட்டிப் போடவா?"

"அதைப் பாத்துக்கிட்டு எனக்கு எப்படிச் சோறு இறங்கும்?"

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பந்திக்கு முதுகைக் காட்டி, பீரோக் கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். கண்ணாடியில் எல்லாரும் சோற்றுக்கையால் ஒழுங்காகச் சாப்பிட்டார்கள். பேச வேண்டியதைக் கண்ணாடியைப் பார்த்தே பேசுவார். ஏழு மாதமாக அவருக்கு அவர்களைக் கண்ணாடியில்தான் பழக்கம்.

நான் வாயை மூடிக்கொண்டேன். நானும் பிறக்கும்போது அந்தக் கைதான். இரண்டாம் வகுப்பில் சிஸ்டர் இமெல்டா என் இடது கையை நீல ரிப்பனால் பாவாடை நாடாவோடு சேர்த்துக் கட்டிவைத்தார். இரண்டு வருடம். திட்டவில்லை, அடிக்கவில்லை, தினமும் காலையில் ரிப்பனை நன்றாக இஸ்திரி போட்டுக் கொண்டுவருவார். ரொம்ப நாள் அதை நான் பரிசு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். படத்தின் இடப்பக்கம் ஒரு சார்ஜென்ட் முழங்கால் போட்டிருப்பார், நெட்டுக்கோடு. அவர் துப்பாக்கி வெடித்து முடிந்திருக்கும். குழல் வாயில் ஒரு கொத்துப் புகை, புகைக்கு முன்னால் ஒரு புள்ளி, அதுதான் குண்டு. வலப்பக்கம் வேலியோரம் ஒருவர் தன் துப்பாக்கிக்குள் வெடிமருந்து திணித்துக்கொண்டு நிற்பார், கிடைக்கோடு. பெயர் ஜோசையா. நாங்கள் யோசியா என்போம். நாற்பத்திரண்டு வயது, பீப்பாய் செய்கிறவர், தலை பாதி வழுக்கை. கண்ணாடி உடைந்த நாளிலிருந்து அந்தப் புள்ளி நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அவரை நோக்கி நகர்கிறது. தினமும் காலை ஒன்பதுக்கு அலுவலகம் போகும்முன் இவர் பித்தளை ஸ்கேலையும் லென்ஸையும் வைத்து அளந்து, மிச்சத்தைச் சுவரில் பென்சிலால் எழுதிவைப்பார். சுண்ணாம்பு அடித்த சுவர். சொன்னால் கேட்பதில்லை.

சார்ஜென்டும் யோசியாவும் பந்தியில் அடுத்தடுத்துதான் உட்காருவார்கள். சார்ஜென்ட் தன் அப்பளத்தை உடைத்துப் பாதியை யோசியாவின் இலையில் வைப்பார்.

"சுட்டது கண்ணாடி இருந்த காலத்துலக்கா" என்று ஒருநாள் என்னிடம் தனியாகச் சொன்னார். "அப்ப இவரைத் தெரியாது."

யோசியாவின் மனைவியும் படத்தில்தான் இருந்தாள். கோட்டையின் மேல் வரிசை ஜன்னல்களில் ஒன்றில், மொத்தம் பதினொரு கோடு. இடுப்புக்குக் கீழே அவளைச் செதுக்கவே இல்லை. பதினொரு கோட்டை வைத்துக்கொண்டு இறங்கி நடந்து வர முடியுமா? வாய்க்கு ஒரு கோடு இருந்தது. சாப்பிட அது போதும். யோசியா தினமும் பத்து நிமிடம் முன்னதாகக் கைகழுவிவிட்டு, தூக்குவாளியில் ஒரு சோற்று உருண்டையோடு படத்துக்குள் ஏறி, தான் செய்த பீப்பாய் ஒன்றை உருட்டிப்போய் அதன் மேல் நின்று ஜன்னலில் நீட்டுவார். பிறகு பீப்பாயைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு வந்து மருந்து திணிக்க நிற்பார். அவள் பெயர் பேஷன்ஸ். பொறுமை என்று அர்த்தம்.

ஜூலை மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, இவர் லென்ஸிலிருந்து கண்ணை எடுத்து "மூணு" என்றார். சுவரிலும் எழுதினார். அப்படியானால் வியாழக்கிழமை.

அன்று தேங்காய்ப் பால் எடுத்துச் சொதி வைத்திருந்தேன். யோசியா சொதி என்றால் மூன்று தரம் வாங்குவார். அன்று ஒரு தரத்தோடு இலையை மூடிவிட்டார். சார்ஜென்ட் ஒரு வாயும் வைக்கவில்லை. இலையில் அப்பளம் முழுசாக இருந்தது. எனக்கு இதெல்லாம் சகிக்காது.

"கண்ணாடி போட்டுருவோம்" என்றேன். "நாளைக்கே."

படச்சட்டம் போடுகிற கடைக்காரர் வந்து அளவெடுத்தார். "போட்டா எல்லாம் அப்படியே நின்னுரும்மா" என்றார். "குண்டும் நிக்கும், ஆளும் நிக்கும். ஆனா சாப்பாட்டுக்கு வர முடியாது. உள்ள இருக்கவங்க உள்ளதான்." செவ்வாய்க்கிழமை கண்ணாடியைக் கொண்டுவந்து சுவரோரம் சாய்த்துவைத்துவிட்டுப் போனார். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் ஏறியதும் நான் மாட்டிவிடுவதாக ஏற்பாடு. அன்று பாயசமும் வைத்தேன். கடைசிச் சாப்பாடு.

யோசியா பாயசத்தை வாங்கிக்கொண்டு கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்க்கா" என்றார்.

"என்ன வேண்டாம்? பாயசமா?"

"கண்ணாடி. போட்டா நான் பொழச்சுக்கிடுவேன். மருந்தைத் திணிச்சுக்கிட்டே நிப்பேன். அவளுக்கு யாரு சோறு கொண்டு போவா?"

"கண்ணாடி இருந்தப்ப அவளுக்கு யார் கொண்டு போனா?"

"யாரும் போகல. அவ பட்டினின்னு அப்ப எனக்குத் தெரியாது. இப்பத் தெரியுமே."

சார்ஜென்ட் தொண்டையைச் செருமினார். "நான் கொண்டு போறேன் வே. வியாழனுக்குப் பொறவு."

"நீரு சிவப்புச் சட்டை. கோட்டைச் சுவர்கிட்ட விடுவாங்களா? சாப்பாட்டு நேரத்துலயும் கோட்டை கோட்டைதான்."

"உம்ம கட்சி ஆள் இன்னும் ரெண்டு பேர் இருக்காங்கல்லா, அவங்க?" என்றார் இவர்.

"அந்த வரிசையில ஜன்னல் எட்டு இருக்கு அண்ணாச்சி. எல்லாத்துலயும் பத்துப் பன்னெண்டு கோடு. அதுல எது அவன்னு எனக்குத்தான் தெரியும்."

பீரோப் பக்கமிருந்து மதினி மூக்கை உறிஞ்சினார். இரண்டு மணி அடிக்க ஐந்து நிமிடம். தட்டைத் தட்டினேன். அவர்கள் ஏறினார்கள். நான் கண்ணாடியை எடுத்துக்கொண்டுபோய்க் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. லென்ஸை எடுத்துக்கொண்டு படத்தின் முன்னால் நின்றேன். போர் நடந்துகொண்டிருந்தது, அதாவது எல்லாரும் அசையாமல் இருந்தார்கள். யோசியாவின் மார்பைப் பார்த்தேன். நீலச் சட்டைக்கான கிடைக்கோடுகள். அவற்றின் மேல் நிழலுக்காக நெட்டுக்கோடுகள் குறுக்கே. கிட்டத்தில் பார்த்தால் அது சட்டை இல்லை, துணி நெசவு. ஊடும் பாவும். குண்டு என்பது ஒரு புள்ளி. அரை மில்லிமீட்டர்கூட இருக்காது.

கான்வென்ட்டில் எங்களுக்கு ஒரு தையல் சொல்லிக் கொடுத்தார்கள். பீடத்து விரிப்புகளுக்குச் செய்வது. துணியிலிருந்து ஒவ்வொரு இழையாக உருவி எடுத்துவிட்டு, மிச்ச இழைகளைக் கட்டி ஜன்னல் ஜன்னலாக விடும் வேலை. சொல்லிக் கொடுத்ததும் சிஸ்டர் இமெல்டாதான். "இழுக்காதே பிரகாசி, வரச் சொல்" என்பார். எனக்கு வரவே வராது. இழுப்பேன், துணி சுருங்கும், என் துண்டை மட்டும் விரிப்பில் சேர்க்க மாட்டார்.

சாயங்காலம் இவரிடம் காட்டினேன். லென்ஸை வாங்கி நெடுநேரம் பார்த்தார். நில அளவர் என்பதால் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"குண்டு போற மட்டத்துல கிடைக்கோடு மூணு எடுத்தாப் போதும். ஆனா அது தாண்டிப் போகணும்னா குறுக்க இருக்க நெட்டுக்கோடு அத்தனையும் எடுக்கணும். நாப்பத்தி ஒண்ணு."

"ஒரு மணி நேரத்துல."

"சாப்பாட்டை முன்னாடியே போட முடியாதா?"

"முடியாது. ஒரு மணிக்கு முன்னாடி யாரும் இறங்க முடியாதுல்லா. நாளைக்கு எல்லாரும் கையில வாங்கிக்கிட்டுப் போகட்டும்."

புதன்கிழமை, ஒரு மணி. யோசியா இறங்கியதும் ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைத்தேன். பத்தாம் நம்பர் ஊசி, முள்வாங்கி, லென்ஸ், உருவியதைச் சுற்றிவைக்க ஒரு தீப்பெட்டி அட்டை. சார்ஜென்ட் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் சோற்றுப் பொட்டலத்தோடு சுற்றி நின்றார்கள்.

"வலிச்சா சொல்லும்."

"சொல்லுதேன்க்கா."

முதல் கோட்டின் நுனியை ஊசியால் தூக்கி முள்வாங்கியால் பிடித்தேன். வரச் சொன்னேன். வரவில்லை. இழுத்தேன். சட்டை முழுவதும் சுருக்கு விழுந்து யோசியாவுக்கு மூச்சு முட்டியது. விட்டுவிட்டேன். நீவிச் சரிசெய்து இரண்டாவது கோட்டைப் பிடித்தேன். அதுவும் அப்படியே. முகத்தில் வியர்வை ஓடியது. மணி ஒன்று இருபது. கோடு ஒன்றுகூட வரவில்லை.

"சுருங்குது" என்றார் சார்ஜென்ட்.

"எனக்குக் கண்ணு இருக்கு" என்றேன்.

இவர் குனிந்து லென்ஸைக் கோட்டின் மேல் ஓட்டினார். "தகட்டுல அவன் வலது கையால வெட்டியிருக்கான். தாள்ல அது மாறி விழுந்திருக்கு. நுனி எல்லாம் அந்தப் பக்கம் இருக்கு. நீ வாலைப் பிடிச்சு இழுக்கே." நிமிர்ந்தவர் கொஞ்சம் தயங்கினார். இருபத்தாறு வருடத்தில் அந்த விஷயத்தை நான் அவரிடம் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருந்தேன். அவர் திருப்பிப் பேசியதே இல்லை.

"பிரகாசி" என்றார். "அந்தக் கை."

முள்வாங்கியை மாற்றிப் பிடித்தேன். இடது கை அதை வாங்கிக்கொண்டது. சொல்லிக் கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருடமாக மடியில் சும்மா கிடந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது போல. நுனியைத் தொட்டேன். வா என்றேன். கோடு வந்தது. வெந்த இடியாப்ப இழை மாதிரி, ஒரு சத்தமும் இல்லாமல், முழுசாக.

"ஒண்ணு" என்றார் இவர்.

இவர் எண்ணிக்கொண்டே வந்தார். பன்னிரண்டு. பதின்மூன்று. யோசியா கூச்சத்தில் நெளிந்தார். சார்ஜென்ட் "அசையாதயும் வே" என்று அதட்டினார். இருபத்தெட்டு. என் பின்னால் தரையில் மரக்கால் உரசும் சத்தம் கேட்டது. மதினி நாற்காலியைத் திருப்பிப் போடுகிறார். ஏழு மாதத்தில் முதல் தடவையாகப் பந்தியை நேராகப் பார்த்து உட்கார்ந்தார். என் கையைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லட்டும், திருப்பிக் கொடுக்க வார்த்தை தயாராக இருந்தது.

"வெளிச்சத்தை மறைச்சுக்கிட்டு நிக்காதீயடே" என்றார், சுற்றி நின்ற வீரர்களைப் பார்த்து. அவர்கள் விலகினார்கள்.

நாற்பத்தி நான்காவது கோடு வந்தபோது இரண்டடிக்க ஆறு நிமிடம். யோசியாவின் மார்பில் நெஞ்சுக்குழிக்கு நேராக ஒரு வெள்ளைத் தடம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை போயிருந்தது. அதன் வழியாகப் பின்னால் இருந்த ஜன்னல் கம்பி தெரிந்தது. தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"காத்து வருதுக்கா."

"வரட்டும்."

தீப்பெட்டி அட்டையில் சுற்றிய கோடுகளை என்ன செய்வது என்று அப்போதுதான் யோசித்தேன். நான் கேட்கும்முன்பே யோசியா கையை நீட்டினார். "அவளுக்குக் கொடுக்கேன். பதினொண்ணை வச்சுக்கிட்டு எத்தனை நாளு இருப்பா?" முப்பத்தேழு கோட்டை எண்ணித் தூக்குவாளியில் சோற்று உருண்டைக்கு மேலே வைத்தேன், குழம்பு படாமல். கூடவே ஒரு ஊசி. எங்கே எப்படிப் போட்டுக்கொள்வது என்பது அவள் இஷ்டம்.

மிச்சம் ஏழு. நிலத்துக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"எனக்கு ஒரு அஞ்சு கிடைக்குமாக்கா? மூக்கையும் தாடையையும் சரிபண்ணணும்."

கொடுத்தேன். கடைசி இரண்டை மதினி வாங்கிக்கொண்டார். அம்மை வந்தபோது அவருக்குப் புருவம் உதிர்ந்துவிட்டது. அதிகம் பேர் அதைக் கவனித்ததில்லை. கவனித்தாலும் சொல்ல மாட்டார்கள். அவரிடம் அவ்வளவு பயம்.

வியாழன் காலை ஒன்பது மணிக்கு இவர் லென்ஸை வைத்தார். நான் அடுப்பில் பால் பொங்கியதைக்கூடப் பார்க்காமல் நின்றேன். "உள்ள போயிருச்சு" என்றார். "எதிலயும் படல." சுவரில் எழுதினார். எழுதட்டும் என்று விட்டேன்.

மார்பின் அகலம் பதினான்கு மில்லிமீட்டர். குண்டு பதினான்கு நாள் யோசியாவுக்குள் இருந்தது. அந்த நாட்களிலும் தவறாமல் சாப்பிட வந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டால், "புளியேப்பம் வர மாதிரி இருக்குக்கா, வர மாட்டேங்குது" என்பார். அவரை யாரும் முதுகில் தட்டக் கூடாது என்று சார்ஜென்ட் உத்தரவு போட்டார். தும்மல் வந்தால் சார்ஜென்டே அவர் மூக்கைப் பிடித்துக்கொள்வார். பதினைந்தாம் நாள் காலை புள்ளி மறுபக்கம் வெளியே வந்து ஒரு பைன் மரத்தை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. அன்று சார்ஜென்ட் நான்கு தரம் சோறு வாங்கினார். எனக்கு இல்லாமல் போய்விட்டது. உப்புமா கிண்டிச் சாப்பிட்டேன்.

அன்றைக்கே நிலத்துக்காரர் புது முகத்தோடு இறங்கினார். கன்னம் அகலம், மூக்கு கொஞ்சம் வளைவு, கண்ணோரத்தில் சிரித்துச் சிரித்து விழுந்த கோடு ஒன்று. இவரிடம் போய்த் தன் பெயரைச் சொன்னார். இவர் அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு, பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். படத்தில் உள்ள நிலத்துக்கு எல்லை அளந்து, அவர் பெயரையும் அவருடைய ஆட்கள் பெயரையும் வரிசையாக எழுதத் தொடங்கினார். அளந்து முடிக்க நாளாகும். ஆறு எதிர்ப்பக்கம் ஓடுவதால் எல்லாவற்றையும் மாற்றிப் போட வேண்டியிருக்கிறது.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை, ஒரு மணிக்கு, யோசியாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் இறங்கினாள். நாற்பத்தெட்டுக் கோடு. கால்களுக்குத் தாராளமாகப் போட்டிருந்தாள். நல்ல உறுதியான கால்கள். முகத்துக்குச் சிக்கனம்தான், ஆனால் வாய்க்கு இன்னொரு கோடு சேர்த்திருந்தாள். நேரே என் முன்னால் வந்து நின்றாள். கையெடுத்துக் கும்பிடுவாள், அழுவாள் என்று பயந்து கரண்டியை இறுகப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அதெல்லாம் ஆகாது.

"நீங்கதான் பிரகாசியா?"

"ஆமா."

"ஏழு மாசமாச் சொல்லணும்னு இருக்கேன். சோத்து உருண்டையில உப்பு ரொம்பக் கூட."

யோசியா தரையைப் பார்த்தார். மதினி உட்கார்ந்த இடத்திலிருந்தே, "நான் சொன்னாக் கேட்டாளா இவ?" என்றார், நெட்டுக்கோட்டுப் புருவத்தைத் தூக்கிக்கொண்டு.

உப்பு ஜாடியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். "அப்ப நாளையிலேருந்து நீயே போடு."

"போடுதேன்" என்றாள். மறுநாள் இலைக்குப் போகாமல் நேராகச் சமையல்கட்டுக்கு வந்துவிட்டாள். ராத்திரிச் சமையலுக்குக் காய் நறுக்கும்போது எதிரெதிரே உட்காருகிறோம். இருவருக்கும் ஒரே கை என்பதால் இடிப்பதில்லை.

அக்டோபர் கடைசியில் குண்டு படத்தின் ஓரத்துக்கு வந்து, சட்டத்தைத் தாண்டிச் சுவரில் இறங்கியது. இப்போது சுண்ணாம்பின் மேல் ஒரு மிளகுத் துணுக்கு மாதிரி போய்க்கொண்டிருக்கிறது. இவர் அளந்தார். அதே மட்டத்தில், முப்பது சென்டிமீட்டர் தள்ளி, எங்கள் கல்யாணப் போட்டோ மாட்டியிருக்கிறது. அதில் இவர், மாமா கொடுத்த கோட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு விறைப்பாக நிற்கிறார். நான் பக்கத்தில், இடது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு. அப்போதெல்லாம் அப்படித்தான் வைத்திருப்பேன். குண்டு வரும் மட்டம் இவருடைய மூன்றாவது பொத்தான்.

"ஆகஸ்ட்" என்றார் இவர். சுவரில் எழுதினார். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, கல்யாணப் போட்டோவின் கண்ணாடியைக் கழற்றித் துணியால் சுற்றிக் கட்டிலுக்கடியில் அந்த இன்னொரு கண்ணாடியோடு வைத்துவிட்டு அலுவலகத்துக்குப் போனார்.

இன்று காலை தூசி தட்டும்போது பார்த்தேன். போட்டோவில் என் இடது கை முந்தானைக்கு வெளியே வந்திருந்தது. கையில் ஊசி. இவருடைய கோட்டுச் சட்டையின் மார்பிலிருந்து ஒரு இழை பாதி உருவியபடி தொங்கியது. இழுத்திருக்கிறாள், துணி சுருங்கியிருக்கிறது. அந்த வயதில் நான் அப்படித்தான், எல்லாவற்றுக்கும் அவசரம். ஒரு மணிக்கு இறங்கி வரட்டும், சொல்லிக் கொடுக்கலாம் என்று கொல்லைக்குப் போய் இலை இரண்டு கூடுதலாக நறுக்கினேன்.